வயது (தோராயமாக)

யூரியா சாக்கில் கொண்டுவந்தார்கள்.
மேல்பட்டாம்பாக்கம் வளைவு,
விடியுமுன், கரும்பு லாரிக்கும் பால் வண்டிக்கும் நடுவில்.
வனக்காப்பாளர் வீரப்பெருமாள் படிவத்தை நீட்டினார்:
இனம். பால். எடை. வயது (தோராயமாக).

இனம், காட்டுப்பூனை.
வாலில் கறுப்பு வளையம்,
காது நுனியில் மைதீற்றிய மயிர்,
வீட்டுப்பூனைக்கு இல்லாத நெடுங்கால்.
வெருகு என்று எழுதத்தான் கை போனது.
கலெக்டர் ஆபீசில் திருப்பி அனுப்புவார்கள்.
பால், பெண்.
எடை நாலு கிலோ முந்நூறு, சாக்கு நீங்கலாக.

வயதுக்கு வாயைத் திறக்க வேண்டும்.

கீழ்க் கோரைப்பல் ஒன்று எப்போதோ முறிந்து
முறிந்த இடமும் தேய்ந்து வழவழத்திருந்தது.
முன்பற்கள் அரிசிக் குருணை.
"கிழடா மேடம்?"
ஐந்து இருக்கும். ஆறைத் தாண்டாது.
"அவ்வளவுதானா" என்றார்,
"என் பொண்ணே யுகேஜிதான் படிக்குது."

கூண்டில் வைத்துக் கறி போட்டால்
பதினைந்தையும் தாண்டுமாம்.
கடலூரில், மஞ்சக்குப்பத்து மாடியில்,
என் பூனைக்குப் பதினான்கு நடக்கிறது.
காது கேட்காது. இன்டர்நெட் பெட்டியின் சூட்டில் படுத்து
மாத்திரையை மட்டும் குறிபார்த்துத் துப்பும்.
எலியை ஒரே ஒரு தடவை நேரில் பார்த்தது.
இருவரும் மரியாதையாக விலகிக்கொண்டார்கள்.

ஆட்டுக்கு ஊசி போட வந்த அஞ்சலாட்சி
கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள்.
"ஐய, காதறுந்தது இல்ல இது?"

நெல்லிக்குப்பம் ஆலைக்கு வெட்டுக்குப் போகிறவள்.
"நட்ட கரும்பு மொத வெட்டுல பாத்தன்.
சோகைக்குள்ள நாலு குட்டி, கண்ணு தெறக்கல.
ஆறு பாரு வுட்டுட்டு வெட்டினோம்.
மேஸ்திரி கத்துனான். கத்திட்டுப் போறான்.
பொழுது சாயத் தூக்கிக்கினு போனுச்சி, ஒண்ணொண்ணா.
மூணுதான் தூக்குச்சி.
நாலாவத ஏன் வுட்டுதுன்னு
இன்ன வரைக்கும் எனக்குத் தெரியல."

அப்புறம் மறுதாம்பு. அதற்கும் ஒரு மறுதாம்பு.
பிறகு கட்டையைப் பிடுங்கி வாழை போட்டார்கள்,
அந்த வருஷம் கண்ணில் படவில்லை.
திரும்பக் கரும்பு நட்டு முழங்கால் உயரம் வந்தபோது
வரப்பில் உட்கார்ந்திருந்ததாம்,
குத்தகைக்காரன் மாதிரி.

நான் விரல் மடக்கினேன்.
முதல் வெட்டிலேயே தாயென்றால் அப்போதே ஒன்று.
மறுதாம்பு இரண்டு, வாழை ஒன்று,
இப்போது வெட்டுக்கு நிற்கும் நடவு ஒன்று.
பல் சொன்ன கணக்கிலேயே
கரும்பும் வந்து நின்றது.

5 என்று எழுதினேன்.
கட்டத்தில் இன்னும் இடம் மிச்சமிருந்தது.

பிறகுதான் கத்தியை எடுத்தேன்.
இரைப்பையில் வயல் எலி மூன்று,
ஒன்று வால்கூடக் கரையாமல்.
மயிரை ஒதுக்கியபோது
காம்பைச் சுற்றி ஈரம்.
அழுத்தினேன்.
கையுறை மேல் பால்.

மூவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
மின்விசிறி படிவத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.

"வியாழக்கிழமை அந்த வயல் வெட்டு" என்றாள் அஞ்சலாட்சி.
"உத்தரவு வந்தாச்சி."
இன்று செவ்வாய்.
எத்தனை ஏக்கர் என்றேன்.
"நாலு."
நாலு ஏக்கர் கரும்புக்குள்
ஒரு கைக்குட்டை அளவு இடம்.
வீரப்பெருமாள் ஜீப்புக்கு டீசல் கேட்டுப் போன் போட்டார்,
அந்தப் பக்கம் யாரோ
டீசல் இல்லாததற்கான காரணத்தை நீளமாகச் சொன்னார்கள்.

அஞ்சலாட்சி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு
கேட்டைத் திறந்து போனாள்.
என்னையும் கூப்பிடவில்லை,
தாம்புக்கயிற்றில் கட்டிய ஆட்டையும் அவிழ்க்கவில்லை.
வீரப்பெருமாள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு
பின்னால் ஓடினார்.

பாலின் கனத்தைப் பார்த்தால் குட்டிகளுக்கு
இருபது நாள் இருக்கலாம்.
கண் திறந்திருக்கும்.
தோராயமாக.

ஆட்டுக்கு ஊசி போட்டேன்.
பழக்கதோஷம், உதட்டை விலக்கிப் பார்த்தேன்.
ரெண்டு பல்.
அது என் விரலைச் சப்பப் பார்த்தது.